குழந்தைக்கு வயிற்றாலே போனால்: ஓ.ஆர்.எஸ், ஜிங்க் மாத்திரை கொடுக்க முழுமையான வழிகாட்டி

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களில் பல வருஷம் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாகப் போனவள் நான். ஓ.ஆர்.எஸ் (தண்ணீரில் கரைத்துக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி) பாக்கெட்டையும் ஜிங்க் (துத்தநாகம்) மாத்திரை அட்டையையும் கையில் கொடுத்து, எப்படிக் கொடுப்பது என்று சொல்லிவிட்டு வந்தால் போதும் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்திருந்தேன். ஒரு வாரம் கழித்து அதே வீட்டுக்குப் போனால் அட்டையில் மூன்று மாத்திரைதான் பிரிந்திருக்கும், மிச்சம் பதினொன்றும் அப்படியே டிவி மேல் கிடக்கும். "பேதிதான் நின்னுடுச்சே நர்ஸம்மா, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை, காரணத்தை யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அதனால் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது, எங்கே தவறு நடக்கிறது என்று வரிசையாக எழுதுகிறேன். இது இரண்டு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கானது. இரண்டு மாதம் நிரம்பாத பிள்ளைக்கு வயிற்றாலே போனால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

1. முன்கூட்டியே வீட்டில் வைத்திருக்க வேண்டியவை

பேதி ராத்திரி பதினொரு மணிக்குத்தான் ஆரம்பிக்கும், அப்போது மெடிக்கல் மூடியிருக்கும். ஆகவே இவை எப்போதும் வீட்டில் இருக்கட்டும்: ஓ.ஆர்.எஸ் பாக்கெட் இரண்டு, 20 மில்லிகிராம் ஜிங்க் மாத்திரை ஓர் அட்டை, சரியாக ஒரு லிட்டர் பிடிக்கும் பாட்டில் ஒன்று, சின்ன ஸ்பூன் அல்லது பாலாடை. பாக்கெட்டும் மாத்திரையும் துணை சுகாதார நிலையத்திலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம்.

பாட்டிலை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், பாதித் தவறு அளவில்தான் நடக்கிறது. "ஒரு சொம்பு தண்ணி" என்று ஊற்றுவார்கள். உங்கள் வீட்டுச் சொம்பு முக்கால் லிட்டராக இருக்கும், பக்கத்து வீட்டுச் சொம்பு ஒன்றேகால் லிட்டராக இருக்கும். கடையில் விற்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கழுவி இதற்கென்றே எடுத்து வையுங்கள்.

2. மருந்தைத் தொடுவதற்கு முன் குழந்தையைப் பாருங்கள்

எல்லாரும் தாண்டிப் போகிற படி இது. வீட்டிலேயே சமாளிக்கலாமா, உடனே கிளம்ப வேண்டுமா என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.

குழந்தையை வெளிச்சத்தில் மடியில் படுக்க வையுங்கள். கண் குழி விழுந்திருக்கிறதா? அம்மாவைக் கேட்டால் சரியாகச் சொல்வாள், "நேத்து இப்படி இல்ல" என்று. ஸ்பூனில் தண்ணீர் காட்டினால் பாய்ந்து பாய்ந்து குடிக்கிறதா, சாதாரணமாகக் குடிக்கிறதா, குடிக்கவே முடியவில்லையா? அடுத்தது தோல். தொப்புளுக்கும் விலாவுக்கும் நடுவில் வயிற்றுத் தோலைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நீளவாக்கில் லேசாகப் பிடித்துத் தூக்கி ஒரு நொடி வைத்து விடுங்கள். நகத்தால் கிள்ளக் கூடாது. விட்டதும் சட்டென்று படிந்தால் நல்லது. மெதுவாகப் படிந்தால் உடம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது. இரண்டு நொடிக்கு மேல் மடிப்பாகவே நின்றால் நிலைமை மோசம்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்: எழுப்பினாலும் எழாத மயக்கம், குடிக்கவே முடியாமை, குடித்த அத்தனையும் வாந்தி, மலத்தில் ரத்தம், வலிப்பு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, கடுமையான காய்ச்சல். இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையமோ, குடியாத்தம் அரசு மருத்துவமனையோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, எது கிட்டத்தில் இருக்கிறதோ அங்கே போங்கள். குழந்தைக்கு நினைவு இருந்து விழுங்க முடிந்தால் போகிற வழியெல்லாம் ஓ.ஆர்.எஸ் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பேதியும் வாந்தியும் வந்தால், சாப்பிட்டது உள்ளே சிக்கித் தொக்கம் விழுந்துவிட்டது என்று தொக்கம் எடுக்கத் தூக்கிப் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பச்சைக் குழந்தையின் உச்சிக்குழி உள்ளே இறங்கியிருப்பதையும் வேறு ஏதோ தோஷம் என்று நினைப்பார்கள். உடம்பில் தண்ணீர் வற்றினால்தான் உச்சி இறங்கும். ஒரு வீட்டில் காலையில் கொஞ்சம் சோர்வாக இருந்த பிள்ளையைத் தொக்கம் எடுக்க இரண்டு ஊர் தள்ளிக் கூட்டிப் போய், சாயங்காலம் திரும்பி வரும்போது கழுத்து நிற்கவில்லை. அந்த ஐந்தாறு மணி நேரம் ஸ்பூனில் ஓ.ஆர்.எஸ் கொடுத்திருந்தால் அந்த நிலைக்குப் போயிருக்காது. பிள்ளை பிழைத்துவிட்டது, ஆனால் அந்தச் சாயங்காலத்தை நான் மறக்கவில்லை.

3. ஓ.ஆர்.எஸ்ஸைச் சரியாகக் கரைப்பது

பேதியில் குழந்தை சாவது தண்ணீரும் உப்பும் வெளியே போவதால். ஜிங்க் அதை ஈடு கட்டாது. அதனால் முதலில் ஓ.ஆர்.எஸ், அது உள்ளே போக ஆரம்பித்த பிறகு ஜிங்க். மாத்திரை கொடுத்துவிட்டோமே என்று ஓ.ஆர்.எஸ்ஸை விட்டுவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது மிகவும் ஆபத்து.

கையை சோப்பு போட்டுக் கழுவுங்கள். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர் எடுத்து, பெரிய பாக்கெட் முழுவதையும் கொட்டிக் கரையுங்கள். பாக்கெட்டில் 200 மில்லி என்று போட்டிருந்தால் 200 மில்லியில்தான் கரைக்க வேண்டும், சின்ன பாக்கெட்டும் பெரிய பாக்கெட்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், படித்துப் பாருங்கள். கரைத்ததைத் திரும்பச் சூடு பண்ணாதீர்கள். 24 மணி நேரம் ஆனதும் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

பெரிய பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் என்று போடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. சிக்கனமாக இருக்கட்டும் என்று செய்கிறார்கள். லிட்டருக்கு 2.6 கிராம் சாதா உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் உப்பு என்பது கணக்கு. குளுக்கோஸும் உப்பும் குடல் சுவரில் ஒன்றாக உள்ளே போகும்போதுதான் தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். ஸ்பூன் கணக்கில் போட்டால் ஒரு டம்ளரில் உப்பு ஏறிவிடும், இன்னொன்றில் வெறும் தண்ணீராக இருக்கும். உப்பு ஏறினால் குழந்தையின் ரத்தத்திலும் உப்பு ஏறும், அது பேதியை விட மோசம். சர்க்கரை, பால், ஜூஸ், சோடா எதையும் சேர்க்காதீர்கள்.

அட்டைப் பெட்டியில் ஸ்ட்ராவோடு விற்கிற இனிப்புப் பானங்களை ஓ.ஆர்.எஸ் என்று நம்பி வாங்காதீர்கள். அவற்றில் சர்க்கரை அதிகம், பேதி கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுக்குப் பொருந்தாத பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ் என்று போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவே போட்டது. எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில் பாக்கெட் கேட்ட அம்மாவுக்கு இதைத்தான் எடுத்துக் கொடுத்தார்கள், அவள் இரண்டு நாள் அதையே கொடுத்திருக்கிறாள். வாங்கும்போது உலக சுகாதார நிறுவன ஃபார்முலா என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

4. எவ்வளவு, எப்படிக் கொடுப்பது

ஒவ்வொரு முறை வெளிக்குப் போன பிறகும் இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதாவது கால் டம்ளரிலிருந்து அரை டம்ளர். இரண்டு வயதுக்கு மேல் என்றால் 100 முதல் 200 மில்லி. தாகமாக இருந்தால் கூடவும் குடிக்கலாம்.

ஒரேயடியாக ஊற்றினால் வாந்தி வரும். சின்னப் பிள்ளைக்கு ஒன்று இரண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். ஃபீடிங் பாட்டில் வேண்டாம், அதைச் சுத்தமாக வைப்பது கஷ்டம். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டுவிட்டு, முன்னை விட மெதுவாகத் திரும்ப ஆரம்பியுங்கள். "குடிச்சதெல்லாம் வாந்தி எடுக்குது" என்று நிறுத்துகிற அம்மாக்களிடம் நான் சொல்வது, அஞ்சு ஸ்பூன் கொடுத்து மூணு ஸ்பூன் வெளியே வந்தாலும் ரெண்டு உள்ளே இருக்கும்மா.

கண் குழிவு, அதிக தாகம் என்று இருந்தால் சுகாதார நிலையத்தில் உட்கார வைத்து கிலோவுக்கு 75 மில்லி என்ற கணக்கில் நாலு மணி நேரத்தில் கொடுப்பார்கள். எட்டு கிலோ பிள்ளைக்கு 600 மில்லி. இதை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், நடுநடுவே தேர்ந்தவர்கள் பார்க்க வேண்டும்.

5. ஜிங்க்: யாருக்கு எவ்வளவு

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை தினமும் 20 மில்லிகிராம், அதாவது ஒரு முழு மாத்திரை. இரண்டு மாதம் முதல் ஆறு மாதத்துக்குள் 10 மில்லிகிராம், அதாவது அரை மாத்திரை. நாளுக்கு ஒரு தடவைதான். 14 நாள். பேதி ஆரம்பித்த அன்றைக்கே முதல் மாத்திரை கொடுத்துவிடலாம், டாக்டர் வேறு அளவு எழுதியிருந்தால் அதுதான் கணக்கு.

அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கும்போது குழப்பம் வரும். எலிமென்டல் ஜிங்க் (துத்தநாகம் மட்டும் எவ்வளவு என்ற கணக்கு) 20 மி.கி. என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜிங்க் சல்பேட் 55 மி.கி. என்று பெரிய எண் போட்டிருந்தாலும் பயப்பட வேண்டாம், அதிலிருக்கும் துத்தநாகம் 20 மில்லிகிராம்தான். சிரப் என்றால் இன்னும் கவனம். ஒரு கம்பெனியில் 5 மில்லியில் 20 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் 10 இருக்கும். பெரியவர்கள் சாப்பிடுகிற சத்து மாத்திரையில் ஜிங்க் இருக்கிறதே என்று அதை உடைத்துக் கொடுக்கக் கூடாது.

6. மாத்திரையைக் கரைத்துக் கொடுப்பது

இது விழுங்குகிற மாத்திரை இல்லை, கரைகிற மாத்திரை. சுத்தமான ஸ்பூனில் மாத்திரையை வைத்து, அதன் மேல் கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு ஸ்பூனளவு ஊற்றுங்கள். ஆறு மாதத்துக்குள் என்றால் தண்ணீருக்குப் பதில் பீய்ச்சிய தாய்ப்பால். விரலால் நசுக்காதீர்கள். ஓரம் பொங்கி நடுவில் பிளந்து ஒரு நிமிஷத்துக்குள் தானாகவே மாவாகிவிடும். லேசாக ஆட்டிவிட்டுக் கன்னத்தின் உள்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஸ்பூன் அடியில் வெள்ளையாகக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், மருந்து அதிலும் இருக்கிறது, இன்னும் நாலு சொட்டு விட்டு அலசி அதையும் கொடுங்கள்.

அரை மாத்திரை கொடுக்கிறவர்கள் நடுவில் இருக்கிற கோட்டில் உடைத்து, மிச்சப் பாதியை அந்த அட்டைக் காகிதத்திலேயே மடித்து ஈரம் படாத டப்பாவில் வைத்து மறுநாள் கொடுங்கள். சமையல் மேடையில் வைத்தால் நீராவி பட்டே பொடிந்துபோகும்.

ஓ.ஆர்.எஸ் பாட்டிலில் மாத்திரையைப் போட்டுக் கலக்குகிறவர்கள் உண்டு, ஒரே வேலையில் முடியட்டும் என்று. ஒரு லிட்டரும் குழந்தை குடிக்காது, எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது.

வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும். கொஞ்சம் பால் குடித்த பிறகோ சாப்பிட்ட பிறகோ கொடுங்கள். கொடுத்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அதே அளவை இன்னொரு தடவை கொடுக்கலாம். அதையும் எடுத்துவிட்டால் அன்றைக்கு விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள், தினமும் இப்படி என்றால் நர்ஸிடம் சொல்லுங்கள். இரும்புச்சத்து டானிக் கொடுக்கிற வீடுகளில் இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், இரும்பு துத்தநாகத்தை உடம்பில் சேரவிடாது.

7. பதினான்கு நாள்: பேதி நின்ற பிறகும்

இதுவரை எழுதிய எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இங்கே கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம்.

பேதி பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாளில் நின்றுவிடும். மாத்திரை பேதியை நிறுத்தத்தானே என்று நினைத்தால் அன்றோடு விட்டுவிடுவோம். ஆனால் ஜிங்க் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, இந்தப் பேதி சீக்கிரம் நிற்கவும் போகிற அளவு குறையவும் உதவுகிறது. இரண்டாவது, பேதியில் மலத்தோடு வெளியேறிய துத்தநாகத்தைத் திரும்ப நிரப்புகிறது. இரும்பைப் போலவோ கொழுப்பைப் போலவோ துத்தநாகத்தை எடுத்துக்கொள்ள உடம்பில் சேமிப்பு கிடையாது, தினம் வரவு இருக்க வேண்டும். பிய்ந்துபோன குடல் சவ்வு வளரவும் எதிர்ப்புச் சக்தி தேறவும் அது தேவை. முழுதாகக் கொடுத்த பிள்ளைகளுக்கு அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் திரும்பப் பேதி வருவது குறைகிறது. நாலாம் நாள் நிறுத்தினால் இந்த இரண்டாவது பலன் கைக்கு வராது.

சொல்லி நினைவு வைப்பது நடக்காத காரியம் என்று எனக்குப் புரிந்த பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் மாதக் காலண்டரில் முதல் மாத்திரை கொடுத்த தேதியில் ஒரு வட்டம், பதினான்காவது தேதியில் ஒரு வட்டம். தினம் கொடுத்ததும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு. பள்ளிகொண்டா பக்கம் ஒரு வீட்டில் அம்மா காலையிலேயே ஷூ கம்பெனிக்குப் போய்விடுவாள், பேரனைப் பார்த்துக்கொள்கிற ஆயாவுக்குப் படிக்கத் தெரியாது. அந்த ஆயா மஞ்சளைக் குழைத்துப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார், பதினான்கு பொட்டு, ஒன்றுகூடத் தவறவில்லை. எந்த நேரம் கொடுப்பது என்பதைவிட யார் கொடுப்பது என்று முடிவு செய்வது முக்கியம். அம்மா கொடுத்திருப்பாள் என்று ஆயாவும், ஆயா கொடுத்திருப்பார் என்று அம்மாவும் விட்டுவிடக் கூடாது.

ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகச் சேர்த்துக் கொடுக்காதீர்கள், கடைசியில் ஒரு நாள் நீட்டிக்கொள்ளுங்கள். மெடிக்கலில் வாங்கிய அட்டையில் பத்துதான் இருந்தால் முதல் நாளே இன்னும் நாலு சேர்த்து வாங்கிவிடுங்கள். பத்து முடிந்த பிறகு நாலுக்காக யாரும் டவுனுக்குப் போவதில்லை.

8. சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்

வயிற்றைக் காயப் போட்டால் பேதி நிற்கும் என்பது பெரியவர்கள் நம்பிக்கை. பேதி நிற்காது, பிள்ளைதான் இளைக்கும். தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் குழைந்த பருப்பு சாதம், இட்லி, தயிர் சாதம், வாழைப்பழம், சாதத்தில் அரை ஸ்பூன் எண்ணெய். வெறும் கஞ்சித் தண்ணீரிலேயே நாளை ஓட்டாதீர்கள், வயிறு நிறையும், சத்து இருக்காது. பேதி நின்ற பிறகு இரண்டு வாரம் தினம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள்.

9. கொடுக்கவே கூடாதவை

பெரியவர்கள் பேதிக்குப் போடுகிற லோபரமைடு மாத்திரையைக் குழந்தைக்குத் தொடாதீர்கள். குடல் அசைவை நிறுத்தி வயிறு உப்பிப்போகும், உயிருக்கே ஆபத்தாகலாம். தண்ணீராகப் போகிற பேதி பெரும்பாலும் வைரஸால் வருவது, அதற்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. மலத்தில் ரத்தம் இருந்தால் தேவைப்படும், ஆனால் டாக்டர் பார்த்து எழுதித் தர வேண்டும், போன தடவை மிச்சமான சிரப்பை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

"பல்லு முளைக்குது, அதான் போகுது" என்று இரண்டு நாள் காத்திருக்கிற வீடுகளும் நிறைய. அந்த வயதில் கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைப்பதால் கிருமி போகிறது. காரணம் எதுவாக இருந்தாலும் ஓ.ஆர்.எஸ் அன்றைக்கே ஆரம்பிக்க வேண்டும்.

10. எப்போது திரும்பக் காட்டுவது, மறுபடி வந்தால் என்ன செய்வது

இரண்டு மூன்று நாளில் குறையவில்லை என்றால் சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். 14 நாளுக்கு மேலும் பேதி போனால் அது வேறு வகை, கட்டாயம் டாக்டர் பார்க்க வேண்டும். நடுராத்திரியில் சந்தேகம் வந்தால் 104 என்ற அரசு சுகாதார உதவி எண்ணுக்குப் போன் பண்ணிக் கேட்கலாம்.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து 6, 10, 14 வாரத்தில் இலவசமாகப் போடுகிறார்கள், தாய் சேய் அட்டையை எடுத்து அது போட்டிருக்கிறதா என்று இந்தச் சாக்கில் பாருங்கள். நம் நாட்டில் தயாரான அந்தச் சொட்டு மருந்தைச் சோதித்துப் பார்த்த ஊர்களில் வேலூரும் ஒன்று. ஆனால் சொட்டு போட்ட பிள்ளைக்கும் வேறு கிருமியால் பேதி வரலாம், குறிப்பாக முதல் மழைக்குப் பிறகு குடிதண்ணீர்க் குழாயில் கலங்கலாக வருகிற நாட்களில்.

14 நாள் முடித்த பிறகு ஒரு மாதம் கழித்துத் திரும்பப் பேதி வந்தால், போன மாதம்தானே கொடுத்தோம் என்று விட்டுவிடாமல் இரண்டாம் படியிலிருந்து ஆரம்பியுங்கள்: குழந்தையைப் பார்ப்பது, புது பாக்கெட், முதல் மாத்திரை, காலண்டரில் புது வட்டம். பாதியில் விட்ட பழைய அட்டை வீட்டில் கிடந்தால், காலாவதித் தேதியைப் பார்த்து, குறைகிற மாத்திரைகளை அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள்.